புதுப்பிப்பு: பாராசிட்டமால் படிகத்தில் அந்த 0.82 எங்கிருந்து வந்தது

போன வாரம் பாராசிட்டமாலின் முதல் படிக வடிவத்தை எக்ஸ்-கதிர் தரவில் அளந்துவிட்டுக் கேட்டிருந்தேன்: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு 0.82 ஆங்ஸ்ட்ராம்தான் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வருகிறதே, பாடத்தில் இன்னும் நீளமாகத்தானே படித்தோம் என்று. விடை கிடைத்துவிட்டது.

நேற்று புவோனா விஸ்டா கோப்பிக் கடையில் ஆய்வுக்கூட அக்கா ஒருவர் டிஷ்யூ தாளில் வரைந்தே காட்டினார். எக்ஸ்-கதிர் அணுக்கருவைப் பார்ப்பதில்லை, எலக்ட்ரானைத்தான் பார்க்கிறது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒரே எலக்ட்ரான், அதையும் ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால்தான் பிணைப்பு குட்டையாகத் தெரிகிறது. நியூட்ரான் சிதறலோ கருவையே பிடிக்கும், அதில் சுமார் 0.98 வரும்.

சரி என்று, படிக அமைப்புகளைப் பார்க்க உதவும் மெர்குரி மென்பொருளில் ஹைட்ரஜன்களை நியூட்ரான் நீளத்துக்கு நகர்த்தினேன். ஹைட்ரஜனிலிருந்து எதிரே உள்ள அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனுக்கு 1.86 இருந்த தூரம் 1.70 ஆகச் சுருங்கியது. இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே உள்ள 2.66 துளிகூட அசையவில்லை! ஆக, ஹைட்ரஜன் பிணைப்புகளை (ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனுக்கும் அடுத்ததன் ஆக்சிஜன் போன்ற அணுவுக்கும் இடையிலான ஈர்ப்பு) ஒப்பிடும்போது முதலில் நம்ப வேண்டியது இந்த ஆக்சிஜன்-ஆக்சிஜன் தூரத்தைத்தான். கோணமும் முக்கியம், 180 பாகையை நெருங்க நெருங்கப் பிணைப்பு பொதுவாக வலுவாக இருக்கும்.

அப்புறம், நைட்ரஜன் பக்க ஹைட்ரஜன் பிணைப்பில் நைட்ரஜன்-ஆக்சிஜன் தூரம் 2.93 வருகிறது. அது தளர்வானது. அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறேன்.