ஏன் போறாங்க? தாத்தாவ தேடுன ராத்திரிலேருந்து மனசுல இருக்கிற கேள்வி

லயத்து_மருமக:
போன மாசம் எங்க தோட்டத்துல ஒரு தாத்தா காணாம போயிட்டாரு. 80 தாண்டிருச்சு, மறதி வியாதி. காலைல நாலரைக்கு எழுந்து பழைய தலைவிளக்க மாட்டிக்கிட்டு ரப்பர் பால் மரம் வெட்ட கெளம்பிட்டாரு, அந்த மரத்தையெல்லாம் சாய்ச்சி செம்பனை நட்டு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. விஷயம் தெரிஞ்சதும் டவுன்லேருந்து, தாமான் குடியிருப்புலேருந்து, பக்கத்து கம்போங் கிராமத்துலேருந்து எல்லாம் ஆளுங்க வந்துட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஃபேக்டரில நைட் ஷிஃப்ட் முடிச்சி வந்தவரு, கண்ணு கூட மூடாம அப்படியே பூட்ஸ மாட்டிக்கிட்டு போயிட்டாரு. ரெண்டு ராத்திரி. நான் பிள்ளைய மடில போட்டுக்கிட்டு வாசப்படில உக்காந்திருந்தேன், அவரு போனு கெடைக்கவே இல்ல, உள்ள இருக்காரா வெளிய வந்துட்டாரான்னு சொல்லக்கூட ஒரு ஆள் இல்ல. தாத்தா உசுரோட கெடைச்சாரு, அது ஆத்தா புண்ணியம். ஆனா ஏன் போறீங்கன்னு கேட்டா "போவணும்ல"ன்னு மட்டும் சொல்றாரு. இது நாலாவது தடவ. உங்கள்ல போறவங்க இருந்தா சொல்லுங்க, ஏன் போறீங்க?

செம்பனை_தம்பி:
அக்கா நானும் அன்னைக்கி உள்ள போனவன்தான். 2021 டிசம்பர் வெள்ளத்துல நான் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடால வாடகை ரூம்ல இருந்தேன், தண்ணி கீழ் வீட்டு கூரை வரைக்கும் ஏறிருச்சு, மாடில நாங்க ஆறு பேரு ஒரு பாக்கெட் பிஸ்கட்ட பங்கு போட்டுக்கிட்டு கெடந்தோம். ரெண்டாவது நாளு யாரோ ஒரு மலாய்க்கார அண்ணன் மீன் பிடிக்கிற படகுல வந்து ஜன்னல் வழியா எங்கள எறக்கினாரு. காசு குடுத்தோம், வாங்கல, பேரு கேக்க கூட தோணல. அந்தக் கடன நான் யாருகிட்ட போய் அடைக்கிறது? காணோம்னு வாட்சாப்ல வந்தா எனக்கு அவரு மொகம்தான் ஞாபகம் வரும், அதான் போறேன்.

கயிறும்_டார்ச்சும்:
தம்பி மனசு நல்ல மனசு, ஆனா நான் சொல்றது கசக்கும். பொது தற்காப்புப் படைல 11 வருசமா தொண்டூழியனா இருக்கேன், அந்த தேடல்லயும் இருந்தேன். மொத நாளு காலைல பாரிட் வாய்க்கா ஓரத்துல செருப்பு தடம் ஒன்னு தெளிவா இருந்திச்சின்னு தோட்டத்து மேஸ்திரி, மண்டோர் ஒருத்தரு சொன்னாரு, நாங்க போய் சேர்றதுக்குள்ள அது மேல முப்பது மோட்டர் சைக்கிளு ஏறிருச்சு. அப்புறம் மோப்ப நாய கொண்டாந்தும் என்னா பண்றது, அம்பது பேரு வாடை ஒரே எடத்துல.
இன்னொன்னு, மறதி வியாதிக்காரங்க எங்கயாச்சும் மாட்டிக்கிற வரைக்கும் போயிக்கிட்டே இருப்பாங்க, புதர்ல சிக்கினாலும் கூப்பிட்டா பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டாங்க. செம்பனை மட்டை அடுக்கி வெச்ச எடத்த தூக்கி பாக்கணும், பாரிட்டுல எறங்கி பாக்கணும். அன்னைக்கி பாதி பேரு ரோட்டுல நின்னு தாத்தா தாத்தான்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. 1993ல ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாஞ்சி 48 பேரு செத்தாங்க, அதுக்கு அடுத்த வருசம்தான் தேடி மீட்கிற ஸ்மார்ட் படையே வந்திச்சி. கை நெறைய ஆளு இருந்தா பத்தாதுன்னு நாடே அன்னைக்கித்தான் கத்துக்கிச்சி.

பழைய_கிராணி:
தாத்தாவ கண்டுபிடிச்சது யாருன்னும் சொல்லுங்க தம்பி. படையும் இல்ல, நாயும் இல்ல. அவருகூட ஒரே நெரைல பால் வெட்டின ஒரு பெரியவரு, எழுவது வயசு, ஒரு பயிற்சியும் கெடையாது. ரெண்டாவது நாளு சாயங்காலம் ஒட்டுக்கடைல தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே, "அவன் பழைய பால் கொட்டாய்க்குத்தான் போயிருப்பான், வாளிய எறக்கி வெச்சாத்தான் அவனுக்கு வேல முடிஞ்ச மாதிரி"ன்னு சொன்னாரு. கொட்டாய் எப்பயோ போச்சு, சிமெண்டு தரை மட்டும் கொடி மூடி கெடக்கு. அந்த தரைக்கு ஒட்டின பாரிட்டுலதான் உக்காந்திருந்தாரு, தலைவிளக்கு அணைஞ்சி போயி, கால் முழுக்க எறும்பு கடிச்சி. பத்தடி தள்ளி ரெண்டு தடவ ஆளுங்க நடந்து போயிருக்காங்க.
2019ல செரம்பான் பக்கத்து காட்டுல ஒரு வெளிநாட்டு பிள்ள காணாம போச்சே, போலீசு, ஹெலிகாப்டரு, நாயி, ஓராங் அஸ்லி பழங்குடி தேடறவங்கன்னு நூத்துக்கணக்குல ஆளுங்க, பத்தாவது நாளு அந்த பிள்ள ஒடம்ப கண்டது ஒரு தொண்டூழியர் குழுதான்.

கயிறும்_டார்ச்சும்:
கிராணி ஐயா, ஒத்துக்கிறேன், ஆனா நீங்க சொன்னதுலயே என் பேச்சும் இருக்கு. அந்த பெரியவர மொத நாளு காலைலயே யாராச்சும் உக்கார வெச்சி கேட்டிருந்தா ரெண்டு ராத்திரி ஆயிருக்காது. காணாம போனவரு எந்த வேல செஞ்சாரு, எந்த வழியா நடப்பாரு, கடைசியா எங்க பாத்தாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட கேக்குறதுதான் எங்களுக்கு சொல்லிக்குடுத்த மொத பாடம். எல்லாரும் உள்ள ஓடிட்டதால கேக்க வெளிய ஆளே இல்ல.
பயிற்சி இருக்கிறவங்களுக்கே என்ன ஆச்சுன்னும் பாருங்க. 2018 அக்டோபர்ல பூச்சோங்ல ஈயம் தோண்டி விட்ட ஒரு பழைய ஈயக்குட்டைல விழுந்த பையன தேட எறங்கின பொம்பா தீயணைப்பு படை முக்குளிப்பு வீரர்கள் 6 பேரு, ஆறு பேருமே திரும்பி வரல. அதுக்கப்புறம் ஒவ்வொரு குட்டைலயும் வெறும் பேண்ட்டோட குதிக்கிற பசங்கள பாத்தா எனக்கு வயிறு கலங்குது.

குட்டையோரம்:
எங்க வீட்டு கதையும் ஈயக்குட்டைதான். என் தம்பிக்கு அப்ப 14. விழுந்து நாலு மணி நேரம் ஆனவொடனேயே எல்லாருக்கும் தெரியும், இனி உசுரு இல்லன்னு. ஆனாலும் மூனு நாளு ஆளுங்க போட்டுல சுத்திக்கிட்டே இருந்தாங்க, கம்பியில கொக்கி கட்டி இழுத்தாங்க, பாதி பேர எங்களுக்கு தெரியாது. எங்கம்மா அந்த மூனு நாளும் அழல. தேடறவங்களுக்கு சோறு ஆக்கினாங்க, பெரிய சட்டில சாம்பாரு, கருவாடு, நேரம் தவறாம கரைக்கு கொண்டு போய் குடுத்தாங்க. தம்பிய தூக்கிட்டு வந்த பொறவுதான் சட்டிய கீழ வெச்சிட்டு உக்காந்தாங்க. ஆளுங்க வரலன்னா அந்த மூனு நாள எங்கம்மா எப்படி கடந்திருப்பாங்கன்னு இப்பவும் யோசிப்பேன். 2022ல பத்தாங் காலி மண் சரிவுல 31 பேரு, டிசம்பர் 16ம் தேதி ஆரம்பிச்சி 24ம் தேதி கடைசி ஆள எடுக்கிற வரைக்கும் விடல, உசுரோட வருவாங்கன்னா தோண்டினாங்க? வீட்டுக்காரங்க கையில குடுக்கணும், அதுக்குத்தான்.

லயத்து_மருமக:
குட்டையோரம், உங்க அம்மாவ நெனச்சி ரொம்ப நேரம் அழுதேன். ஆனா எனக்கு அந்த ஆறு பேரு வீட்டு வாசப்படியும் தெரியுது. அவங்க பொண்டாட்டிங்களும் அன்னைக்கி சட்டில ஏதோ ஆக்கி வெச்சிருப்பாங்க. செம்பனை தம்பி, உங்க கடன் எனக்கு புரியுது, உங்களுக்கு கல்யாணம் ஆகல. எங்க வீட்டுக்காரரு கடன ஏன் என் பிள்ளை அடைக்கணும்? ரெண்டு நாளு வேலைக்கு போவல, சம்பளத்துல புடிச்சிட்டாங்க, அந்த மாசம் பால் மாவு கடன்ல வாங்கினேன்.

செம்பனை_தம்பி:
அக்கா, இதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. நெசமாவே இல்ல.

கயிறும்_டார்ச்சும்:
தங்கச்சி, நீங்க மொதல்ல எழுதினதுல ஒரு வரி என்ன குத்திக்கிட்டே இருக்கு, உள்ள இருக்காரா வெளிய வந்துட்டாரான்னு சொல்ல ஆள் இல்லன்னு. அது எங்க தப்பு. யாரு எத்தன மணிக்கு எந்த நெரைக்குள்ள போனாங்க, எத்தன மணிக்கு வந்தாங்கன்னு எழுதி வெக்கணும், அன்னைக்கி யாரும் எழுதல. உங்க வீட்டுக்காரர நிப்பாட்ட சொல்ல மாட்டேன், வர ஞாயித்துக்கெழம பயிற்சிக்கு அனுப்புங்க. தனியா மட்டும் உள்ள போவ விடாதீங்க.

லயத்து_மருமக:
அவரு வருவாரு, நான் சொல்லிட்டேன். ஏன் போறாருன்னு இன்னும் எனக்கு வெளங்கல அண்ணே, கோவமும் போவல. ஆனா அந்த புக்க நான் எழுதறேன். லயத்து வாசல்ல மேசை போட்டு உக்காந்துக்கிறேன், பேரு, மணி, எந்த பக்கம், வீட்டு போன் நம்பரு. பிள்ள தூங்கிருவான், பெரிய டார்ச் மட்டும் யாராச்சும் குடுங்க.