கவிதைப் போட்டிக்கு மதிப்பெண் போட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறிய கவிதைப் போட்டிக்கு என்னை நடுவராக இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மரபுக் கவிதையும் புதுக்கவிதையும் ஒரே கட்டாக வந்திருக்கின்றன. சிக்கலே அங்கேதான்.

மரபுக் கவிதையில் வெண்பா என்றால் பாதி வேலையை இலக்கணமே பார்த்துவிடும். தளை தட்டுகிறதா (அதாவது ஒரு சீருக்கும் அடுத்த சீருக்கும் இடையே ஓசை இணைப்பு பிசகுகிறதா), கடைசி அடி மூன்று சீரோடு நின்று நாள், மலர், காசு, பிறப்பு என்ற ஓசை வாய்பாடுகளில் ஒன்றில் முடிகிறதா என்று பார்த்தால் போதும். ஆனால் தளை தட்டாததெல்லாம் கவிதையாகிவிடுமா? பிசகே இல்லாத ஒரு வெண்பாவைப் படித்து முடித்தேன், மனசில் ஒரு சொல்கூட நிற்கவில்லை.

புதுக்கவிதை ஒன்றில், இறந்துபோன அப்பாவின் கைப்பேசியில் அலாரம் இன்னும் ஐந்தரைக்கு அடிக்கிறது என்று ஒரு வரி. சோகம், கண்ணீர் என்று எதுவும் சொல்லவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டது. சரி, அதோடு விட்டாரா? அடுத்த ஆறு வரியும் அதற்கு விளக்கவுரை! ஒரே ஒரு வரிக்காக முழுக் கவிதைக்கும் பரிசு கொடுக்கலாமா?

இரண்டு வகைக்கும் தனித்தனி அளவுகோல் வைப்பீர்களா? சத்தமாக வாசித்துப் பார்த்து ஓசைக்கும் மதிப்பெண் போடுவதுண்டா? அப்புறம், எழுதியவர்களுக்கு இரண்டு வரி ஆலோசனையும் தர வேண்டுமாம். நிறைய வாசியுங்கள், பிடித்த வரியையும் வெட்டத் தயங்காதீர்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுகிறது. சொற்களஞ்சியம், கற்பனை என்று பொதுவாகச் சொல்லி யாருக்கும் பயனில்லை. வேறென்ன சொல்லலாம்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவைக் கொடுத்தாக வேண்டும்.