காலநிலைப் படிப்புக்குப் புலமைப்பரிசில்: வன்னிப் பிள்ளையளின்ர அனுபவம்

கிளிநொச்சியிலயிருந்து:

2018 டிசம்பர் வெள்ளத்தில இரணைமடுக் குளத்தின்ர வான்கதவுகள் திறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்படியொரு மழை எத்தனை வருசத்துக்கு ஒருக்கா வரலாம் எண்டதுதான் என்ர ஆராய்ச்சி முன்மொழிவு. புலமைப்பரிசில் நேர்முகத்தில முதல் கேள்வியே, "தரவுக்கு எங்க போவீர்?"

கேட்டது நியாயம். 30 வருசத் தொடர் பதிவாவது வேணும். சண்டைக் காலத்தில இஞ்ச மழை அளந்ததும் குறைவு, அளந்ததில கனக்க இடம்பெயர்வோட துலைஞ்சும் போச்சு. சிர்ப்ஸ் (CHIRPS) எண்ட செய்மதித் தொகுப்பில 1981இலயிருந்தான மழைத்தரவு இலவசமாக் கிடைக்குது, ஏறக்குறைய 5 கிலோமீற்றருக்கு ஒரு கட்டம். ஆனா ஒரே ராத்திரியில கொட்டுறதை அது குறைச்சுத்தான் காட்டும். அதால, குளத்தில வேலை செய்த ஒரு ஐயாவின்ர சி.ஆர். கொப்பியைப் படமெடுத்து முன்மொழிவோட சேர்த்தனான். திகதி, மழை, நீர்மட்டம் அடி அங்குலத்தில. ஒரு பக்கத்தில "மானி வெள்ளத்தோட போட்டுது" எண்டு மட்டும் இருக்கு.

நேர்முகம் எடுத்தவை அந்த ஒரு வரியிலதான் கனநேரம் நிண்டவை. "அண்டைக்கு மழை பூச்சியமோ?" இல்லை, மழை அளக்கிற மானியையே கொண்டுபோன மழை. அந்த நாளைத் தூக்கி எறிஞ்சா மிச்சக் கணக்கு முழுக்கப் பிழைக்கும். குளம் ஏறின வேகத்தை வச்சுக் கணிப்பன் எண்டன். இடம் கிடைச்சுது.

முல்லைத்தீவிலயிருந்து:

அண்ணை, தரவைத் தேடமுன்னம் புலமைப்பரிசிலின்ர நிபந்தனையைப் பாக்கோணும். ஜேர்மனியின்ர டாட் (DAAD) எண்ட கல்விப் பரிமாற்ற நிறுவனம் குடுக்கிற அபிவிருத்தி சார்ந்த முதுமாணிப் புலமைப்பரிசிலுக்குப் பட்டம் எடுத்து 6 வருசத்துக்கு மேல போகக்கூடாது, 2 வருச வேலை அனுபவமும் வேணும். எங்கட ஆக்களுக்கு அரச வேலை வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தே அந்த 6 வருசம் கரைஞ்சிடும். 2020இல புரெவிப் புயல் அடிச்ச பிறகு நான் ஒரு தொண்டு நிறுவனத்தில வெள்ளச் சேதக் கணக்கெடுப்புச் செய்தனான். திட்டம் முடிஞ்சு கந்தோரையே பூட்டிப்போட்டுப் போட்டினம், அனுபவக் கடிதம் இண்டைவரைக்கும் இல்லை. வேலையில இருக்கேக்கையே வாங்கி வையுங்கோ.

வவுனியாவிலயிருந்து:

தம்பி தங்கச்சியவைக்கு ஒண்டு. தேடினா முன்னுக்கு வாறது அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின்ர பெலோஷிப். அது அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவைக்கும்தான், மினக்கெட வேண்டாம். அமெரிக்கா போறதெண்டா பேராசிரியர்மாருக்கு நேர எழுதி, ஆராய்ச்சி உதவியாளர் இடம் இருக்கோ எண்டு கேளுங்கோ. கனபேர் பதில் போடமாட்டினம், அதுக்கு மனம் உடையாதேங்கோ.

நான் போட்டது ஜப்பான் அரசாங்கத்தின்ர மெக்ஸ்ட் (MEXT) புலமைப்பரிசிலுக்கு. ஆராய்ச்சித் திட்டத்தை வடிவா எழுதோணும். தூதரகம் மூலம் போட்டா எழுத்துச் சோதினையும் நேர்முகமும் கொழும்பில. இரவு பஸ்ஸில போய் இறங்கி, முகத்தைக் கழுவிப்போட்டு அப்படியே சோதினைக்கு ஓடாதேங்கோ, முதல்நாளே போய்த் தங்குங்கோ.