சாய்ந்த இழையால் விசை வீணாகாதா?

டர்பன்_மாணவி
வணக்கம். பயோகினெட்டிக்ஸ் (உடற்பயிற்சிவழி மறுவாழ்வுப் படிப்பு) இரண்டாம் ஆண்டு. கெண்டைக்காலின் சோலியஸ் தசையில் இழைகள் சுமார் 28 பாகை சாய்ந்திருக்கின்றன. அப்படியானால் கோசைன் கணக்குப்படி விசையில் 0.88 பங்குதானே தசைநாணுக்குப் போகும்? ஆனால் இப்படி இழைகள் நாணில் சாய்வாகச் சேரும் இறகு அமைப்புத் தசைக்குத்தான் வலு அதிகம் என்கிறார்கள். குழப்பமாக இருக்கிறது.

வெருலம்_வாசி
12 விழுக்காடு போனதைப் பார்த்தீர்கள், அதைக் கொடுத்து வாங்கியதைப் பார்க்கவில்லை. சாய்த்து அடுக்கினால் அதே இடத்தில் குட்டை இழைகள் ஏராளமாக அடங்கும். விசையைத் தீர்மானிப்பது இழைகளின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு; அதற்கு எடை × கோசைன் ÷ (அடர்த்தி 1.056 × இழை நீளம்) போட்டுப் பாருங்கள். சடலங்களில் அளந்த சராசரிப்படி சோலியஸ் 275 கிராம், இழை 4.4 செ.மீ.; விடை 52 ச.செ.மீ. தொடையின் சார்ட்டோரியஸ் 78 கிராம், இழை 40 செ.மீ.; 2 கூடத் தேறாது. ச.செ.மீ.க்கு 22.5 நியூட்டன் வைத்தால் சோலியஸுக்கு 1,170, சார்ட்டோரியஸுக்கு 42. எடையில் மூன்றரை மடங்கு, விசையிலோ 28 மடங்கு!

சார்ட்டோரியஸ் ஏமாந்துவிடவில்லை. நீள இழை என்பதால் நெடுந்தூரம், வேகமாகச் சுருங்கும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: சூத்திரத்தில் இழை நீளத்துக்குப் பதில் தசையின் நீளத்தைப் போட்டுவிடுவார்கள். சோலியஸ் அப்போது நோஞ்சான் ஆகிவிடும்.

சாட்ஸ்வர்த்_அக்கா
கண்ணால் பார்க்க வேண்டுமா தங்கச்சி? கோழி நெஞ்சுக்கறிக்கு அடியில் தனியாகக் கழன்று வரும் மெல்லிய துண்டை எடுங்கள். நடுவே வெள்ளை நாண் ஓடும், இரு பக்கமும் இழைகள் இறகு மாதிரி அதில் வந்து சேரும். இறக்கையைத் தூக்குவது அதுதான். நாணை உருவாமல் சமைத்தால் பல்லில் மாட்டும்.

காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு இறங்கும் ஆண்டில் முன்தொடை கடுமையாக வலிப்பதிலும் இதற்குப் பங்குண்டு. முன்தொடைத் தசையும் இறகு அமைப்புதான்; இறக்கத்தில் அது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. இழை குட்டையென்றால் வரிசையில் சார்க்கோமியர் (இழைக்குள் சுருங்கும் சிறு அலகு) குறைவு. அதே நீட்சியைக் குறைந்த பேர் பங்கு போட வேண்டும்.

டர்பன்_மாணவி
நன்றி அக்கா. அல்ட்ராசவுண்டில் இழைச் சாய்வை அளந்தால் ஒரே காலில் ஒருமுறை 18, மறுமுறை 25 பாகை காட்டுகிறது. கருவியில் பிழையா?

வெருலம்_வாசி
பெரும்பாலும் கையில்தான் பிழை. ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோபை (தோலில் வைக்கும் ஸ்கேன் முனையை) பட்டும் படாமலும் வையுங்கள். அழுத்தினால் தசை தட்டையாகிக் கோணம் குறையும். இழைக் கோடுகள் மேல் உறையிலிருந்து கீழ் உறைவரை அறுபடாமல் தெரியும்வரை மெல்லத் திருப்புங்கள். கணுக்காலை ஒவ்வொரு முறையும் 90 பாகையில் கட்டிவையுங்கள். காலை இறுக்கினால் இழை சுருங்கி மேலும் சாயும், கோணம் இருமடங்கானாலும் ஆச்சரியமில்லை.