ஈசிஜியும் மருந்தளவுக் கணக்கும் சொல்லித்தர யாராவது இருக்கிறீர்களா?

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். குலசேகரம் பக்கம் ஆம்புலன்ஸில் அவசர மருத்துவ உதவியாளராக இரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். இப்போது அடுத்த நிலைப் பயிற்சிக்குப் படிக்கிறேன். சிபிஆர், ஆக்சிஜன், கட்டுப் போடுவது எல்லாம் கை பழகிவிட்டது. ஈசிஜியும் மருந்தளவும்தான் இடிக்கிறது.

போன மாதம் ரப்பர் பால் வெட்டப் போன ஒருவரைக் கதண்டு கொட்டிவிட்டது. உதடு வீங்கி, மூச்சு விசில் மாதிரி இழுத்தது. கூட வந்த நர்ஸ் அக்கா தொடையில் அட்ரினலின் போட்டார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் கொட்டு வாங்கியவர் தன் வீட்டுக்காரியைத் தேடிப் பேசத் தொடங்கிவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இதை நான் முறையாகக் கற்றே ஆகவேண்டும்.

கடுமையான அலர்ஜி என்றால் பெரியவர்களுக்கு அட்ரினலின் தசையில் 0.5 மி.கி., இதயம் நின்றுபோனால் ரத்தக்குழாயில் 1 மி.கி., 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒரு முறை. இதெல்லாம் மனப்பாடம். ஆனால் மருந்தின் செறிவை 1:1000 (ஒரு மில்லியில் 1 மி.கி.), 1:10,000 (ஒரு மில்லியில் 0.1 மி.கி.) என்று சொல்லிக் கேட்டால் எத்தனை மில்லி என்பதில் தடுமாறுகிறேன். குழந்தையின் எடைக்குக் கணக்குப் போடச் சொன்னால் கை நடுங்குகிறது.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் யாராவது ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தர முடியுமா? நோயாளி பெயரை நீக்கிய பழைய ஈசிஜி தாள்கள் இருந்தாலும் பெரிய உதவி. நைட் டூட்டி முடித்துக்கூட வந்துவிடுவேன். மலையாளத்தில் சொன்னாலும் எனக்குப் புரியும்.