மலை ஊழியம்: காத்திருப்பதா, இறங்குவதா?

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஆறு பேராக மலை ஊழியத்துக்கு வந்து இன்று 5ஆம் நாள். 3,200 மீட்டர் உயரத்தில் தங்கியிருக்கிறோம். மேல் கிராமத்துக்கான ஒரே பாதை மண்சரிவில் மூடிவிட்டது. உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஒரு தம்பிக்குத் தலைவலி, வாந்தி. நேற்றே துணையோடு கீழே அனுப்பிவிட்டோம், அதில் யோசிக்க எதுவுமில்லை. மீதி நான்கு பேர்தான் குழம்பி நிற்கிறோம்.

இரண்டு நாளாக ஜெபிக்கிறோம். சுற்றுப்பாதை கேட்டோம், இல்லை. வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தோம். ஊழியப் பயணத்தில் பித்தினியா பகுதிக்குப் போகவிடாத ஆவியானவர், அப்போஸ்தலன் பவுலுக்கு அதற்குப் பதிலாக மக்கெதோனியா பகுதியைக் காட்டினார். எங்களுக்கோ வேறு வாசல் தெரியவில்லை. மேலே கொடுக்க வேண்டிய புதிய ஏற்பாடுகள் பாலித்தீன் உறையில் என் தலைமாட்டில் இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் மனம் கரைகிறது.

அடைபட்ட பாதை 'காத்திரு' என்கிறதா, 'திரும்பு' என்கிறதா என்பதை நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?