குளோரினுக்கு அரை நியூட்ரானா?

*தாத்தா வீட்டுப் பிள்ளைங்க* 🏡

கவின்: சித்தி, குளோரின் அணுநிறை 35.5, அணு எண் 17. கழிச்சா நியூட்ரான் 18.5 வருது. அரை நியூட்ரான் எப்படி? 🤔

மீனா சித்தி: நிறை எண்ல இருந்துதான்டா கழிக்கணும், அதாவது புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை. 35.5 நிறை எண் இல்ல, சராசரி.

மீனா சித்தி: எல்லா குளோரின்லயும் புரோட்டான் 17தான். நியூட்ரான் மட்டும் சிலதுல 18 (நிறை எண் 35), சிலதுல 20 (நிறை எண் 37). நூறு அணு எடுத்தா ஏறக்குறைய 76 (துல்லியமா 75.8) முதல் வகை, 24 (24.2) ரெண்டாவது.

கவின்: 35×0.758 + 37×0.242 போட்டேன். 35.484. அட்டவணைல 35.45னு இருக்கே?

ராஜா மாமா: 35, 37 எல்லாம் துகளோட எண்ணிக்கை. நிறை, அணுநிறை அலகுல 34.969, 36.966. அதை வச்சுப் போடு.

கவின்: 35.452 👍 ஆனா மாமா, புரோட்டான், நியூட்ரான் ரெண்டுமே 1க்கு மேல. 35 துகள் சேர்ந்தா எப்படி 35க்குக் குறையும்?

ராஜா மாமா: அப்படிக் கேளு! புரோட்டானும் எலக்ட்ரானும் சேர்ந்த ஜோடி 1.00783 × 17 = 17.133. நியூட்ரான் 1.00867 × 18 = 18.156. கூட்டினா 35.289. அணுவோட நிறை 34.969தான். 0.320 காணோம்.

ராஜா மாமா: கரு ஒண்ணா இறுகினப்போ அது ஆற்றலா வெளிய போயிடுச்சு. ஒரு அணுநிறை அலகுக்கு 931.5 மெகா எலக்ட்ரான்வோல்ட்னு (ஆற்றலோட அலகு) போட்டா 298 வரும். அவ்வளவையும் திருப்பிக் குடுத்தாத்தான் கரு முழுசா உதிரும்.

மீனா சித்தி: அண்ணா, பையனுக்குப் பரீட்சைல இது வராது 😄 கவின், குளோரைடு அயனில (Cl⁻) எத்தனை எலக்ட்ரான்னு கேப்பாங்க. மைனஸ் குறியைப் பார்த்ததும் எலக்ட்ரானைக் குறைச்சு 16னு எழுதிடறாங்க. ஒண்ணு கூடித்தான் மைனஸ், அதனால 18. புரோட்டான்ல கை வைக்காதே, 16 ஆக்கினா அது கந்தகம்.

கவின்: எலக்ட்ரான் கூடினா நிறை?

ராஜா மாமா: புரோட்டான்ல 1836ல ஒரு பங்கு. 0.00055தான் ஏறும்.

கவின்: அப்போ புரோமின் அணுநிறை 79.90, அணு எண் 35. 80னு வச்சு 35ஐக் கழிச்சா 45, சரியா?

மீனா சித்தி: அங்கதான் மாட்டுவே. இயற்கைல கிடைக்கிற புரோமின்ல 80 கிடையாது. 79ம் 81ம் ஏறக்குறைய பாதிப் பாதி. நியூட்ரான் 44 இல்லன்னா 46.

கவின்: 😳 அழிச்சுட்டேன்